குடியரசு பிறந்த கதை – 14: பின்னிணைப்பாய் வந்த உரிமைகள்

1787-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 12-ஆம் தேதியன்று, பிலடெல்பியா நகரத்து ராஜ்ய மாளிகையில், மூன்றரை மாத காலமாகக் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே பேசியது எதுவும் வெளியே கசியலாகாது என்ற நிபந்தனையோடு கூடி விவாதித்து வந்த பிரதிநிதிகள், இனி மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் பாக்கி என்று எண்ணியிருந்த சமயத்தில், வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேஸன் ஓர் ஆட்சேபணையோடு எழுந்தார். அரசியல் சாசனத்தின் செப்பமிட்ட நகல் அன்றுதான் சபைக்கு வந்திருந்தது. அதன் முகப்பில் உரிமைப் பிரகடனம் ஒன்று அமைந்திருந்தால் ஜனங்களின் மனத்துக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும் என்றும், ராஜ்யங்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் பிரகடனங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் சில மணி நேரத்தில் அதைத் தயாரித்துவிடலாம் என்றும் அவர் கூறினார். மாஸசூஸெட்ஸின் எல்பிரிட்ஜ் கெரி அதற்கென ஒரு குழுவை நியமிக்கப் பிரேரணை கொண்டுவர, மேஸன் ஆமோதித்தார். ராஜ்யங்களின் பிரகடனங்களை இந்தச் சாசனம் ரத்து செய்யவில்லையே, அவையே போதாதா என்று கனெக்டிகட்டின் ரோஜர் ஷெர்மன் கேட்டார். ராஜ்யத்துக்கு ஒரு வாக்கு என்பது சபையின் விதி. அன்று வாக்களித்தவை பத்து ராஜ்யங்கள். மேஸனுடைய சொந்த வர்ஜீனியா உட்பட, பத்தும் பிரேரணைக்கு எதிராகவே வாக்களித்தன.

மேஸன் லேசாக ஒதுக்கிவிடக்கூடிய மனிதர் அல்லர். 1776-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனம் வெளியாவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனத்தை வரைந்தவர் அவர். பின்னர் மற்ற ராஜ்யங்கள் எழுதிக்கொண்ட பிரகடனங்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே மூலப் பிரதி. இந்தச் சாசனம் இப்போதிருக்கும் கோலத்திலேயே நிறைவேறுமானால் அதில் கையொப்பமிடுவதைவிட என் வலக்கையை வெட்டிக்கொள்ளத் தயார் என்று ஆகஸ்டு மாதக் கடைசியிலேயே அவர் சபையில் சொல்லியிருந்தார். சொன்ன சொல்லை மீறவும் இல்லை. செப்டம்பர் 17-ஆம் தேதி சாசனத்தின் அடியில் 39 கையொப்பங்கள் விழுந்தபோது, சபையில் இருந்தும் கையெழுத்திட மறுத்தவர்கள் மேஸன், கெரி, வர்ஜீனியா கவர்னர் எட்மண்ட் ராண்டால்ப் ஆகிய மூவர். அச்சிட்ட நகலின் பின்புறத்திலேயே மேஸன் தம்முடைய ஆட்சேபணைகளை எழுதி வைத்தார். உரிமைப் பிரகடனம் இல்லை என்பதுதான் அவற்றுள் முதலாவது.

இன்று அமெரிக்கர் தம் அரசியல் வாழ்வுக்கே உயிர்நாடி என்று போற்றும் உரிமைச் சாசனம், குடியரசை ஸ்தாபித்த பெரியோர்களின் உள்ளத்திலிருந்து தானாகவே ஊற்றெடுத்தது போலப் பாலர் பாடங்களில் எழுதுகிறார்கள். ஸ்தாபகர்கள் விஷயத்தில் இப்படிப்பட்ட பக்தி எந்த நாட்டிலும் சகஜந்தான். ஆனால் அந்த நான்கு வருஷத்துச் சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் படித்துப் பார்ப்பவர்களுக்கு வேறு விதமான சித்திரம் தென்படுகிறது. உரிமைகளை எழுத்தில் வைக்க வேண்டும் என்று கூச்சலிட்டவர்களுள் பலர், உண்மையில் மத்திய சர்க்காரின் வரி விதிக்கும் அதிகாரத்தை ஒடிக்க விரும்பியவர்கள். கடைசியில் எழுதிக் கொடுத்தவரோ, அப்படி எழுதுவதில் பெரும் பயன் உண்டென்று நெடுங்காலம் நம்பாதவர். விரோதிகளின் வாயை அடைக்க வேண்டுமென்ற அரசியல் நிர்ப்பந்தமும், தேர்தலில் கொடுத்த ஒரு வாக்குறுதியும், அவற்றுக்கிடையே மெல்ல மெல்ல முளைத்த மெய்யான நம்பிக்கையும் சேர்ந்தே அந்தப் பத்துத் திருத்தங்களைப் பெற்றெடுத்தன. அந்தப் பிரசவத்தின் கதையே இந்த அத்தியாயம்.

சாசனத்தின் நகல்கள் பத்திரிகைகளில் வெளியானவுடன், மேஸன் கேட்ட கேள்வியை ஊரெல்லாம் கேட்கத் தொடங்கிற்று. அக்டோபர் 6-ஆம் தேதி பிலடெல்பியாவில், சாசனம் உருவான அதே மாளிகையின் முற்றத்தில், ஜேம்ஸ் வில்ஸன் என்ற வக்கீல் ஜனங்களுக்கு அதற்குப் பதில் சொன்னார். ராஜ்ய சர்க்காருக்கு, விலக்கி வைக்காத அதிகாரம் எல்லாம் உண்டு. மத்திய சர்க்காருக்கோ, எழுதிக் கொடுத்த அதிகாரம் மட்டுமே உண்டு. பத்திரிகைகளை அடக்கும் அதிகாரத்தை நாம் கொடுக்கவே இல்லை, கொடாத அதிகாரத்தைப் பிரயோகிக்காதே என்று தடை எழுதுவது எதற்கு என்பது அவருடைய வாதம். நியூயார்க்கில் அலெக்ஸாண்டர் ஹாமில்டன், ஜேம்ஸ் மாடிஸனும் ஜான் ஜேயும் தாமும் புனைபெயரில் எழுதி வந்த 85 கட்டுரைகளுள் 84-ஆவதில், இன்னும் ஒரு படி மேலே சென்று, அத்தகைய பிரகடனம் அநாவசியம் மட்டுமன்று, அபாயகரமானதுங்கூட என்றார். இல்லாத அதிகாரத்துக்கு விலக்கு எழுதப் போனால், அந்த அதிகாரம் இருக்கிறதென்று பிற்காலத்தில் ஒருவன் வாதாட அதுவே ஆதாரமாகிவிடும் என்பது அவர் கண்ட அபாயம். தர்க்க ரீதியில் இவை அழகான வாதங்களே. ஆனால் எதிர்க்கட்சியார் எழுப்பிய ஒரே ஒரு கேள்விக்கு இவர்களிடம் நேரான விடை கிடையாது. எழுதிக் கொடாத அதிகாரம் எதுவும் இல்லையென்றால், ஆட்கொணர்வு மனுவின் உரிமையைச் சாதாரண காலத்தில் நிறுத்தக் கூடாது என்றும், நடந்து முடிந்த செய்கையைப் பின்னால் குற்றமாக்கிச் சட்டம் செய்யக் கூடாது என்றும், குற்ற வழக்குகள் ஜூரி முன்பு நடக்க வேண்டும் என்றும் இதே சாசனத்தில் எழுதி வைத்திருக்கிறீர்களே, அவை எதற்காக? சிலவற்றை எழுதிச் சிலவற்றை விட்டால், விட்டவை பறிபோனவை என்றுதானே அர்த்தமாகும்?

தென் கரோலினாவின் சட்டசபையில் 1788-ஆம் வருஷம் ஜனவரி மாதம் நடந்த விவாதத்தில் ஜெனரல் சார்லஸ் காட்ஸ்வொர்த் பிங்க்னி சொன்ன காரணம் இவற்றையெல்லாம்விட வெளிப்படையானது. இம்மாதிரிப் பிரகடனங்கள் எல்லாம், மனிதர் அனைவரும் இயற்கையில் சுதந்திரராகவே பிறக்கின்றனர் என்றுதான் ஆரம்பிக்கும். நம்முடைய சொத்தில் பெரும் பகுதி, பிறக்கும்போதே அடிமைகளாகப் பிறந்த மனிதர்களாயிருக்கும்போது, அந்த வாசகத்தை நாம் எந்த முகத்தோடு எழுதுவது என்றார் அவர். இரண்டு வருஷம் கழித்து எடுத்த முதல் ஜனக் கணக்கில், சுமார் 39 லட்சம் ஜனங்களில் ஏறக்குறைய 7 லட்சம் பேர் அடிமைகள் என்று தெரிய வந்தது. உரிமைப் பிரகடனத்துக்காகப் போராடிய மேஸனும் பண்ணை அடிமைகளின் எஜமானரே. அடிமை வியாபாரத்தை அவர் பிலடெல்பியா சபையிலேயே கடுமையாகக் கண்டித்தார். தம்முடைய அடிமைகளை மட்டும் விடுவிக்கவில்லை. பிங்க்னி கொடுமையை மறைக்காமல் சொன்னார் என்பதற்காக அவரை மெச்ச வேண்டியதில்லை. ஆனால் மற்றவர்கள் மறைத்த இடம் எது என்பதை அவருடைய பேச்சுத்தான் நமக்குக் காட்டிக் கொடுக்கிறது.

சாசனத்தை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்ய ஒவ்வொரு ராஜ்யத்திலும் தனிச் சபை கூட வேண்டியிருந்தது. பதின்மூன்றில் ஒன்பது ராஜ்யங்கள் ஏற்றால் போதும். இதில் பென்ஸில்வேனியாவில் நடந்த கூத்து ஒன்று உண்டு. அந்தத் தனிச் சபைக்குத் தேதி குறிக்கும் தீர்மானம் சட்டசபையில் வந்தபோது, எதிர்க்கட்சி அங்கத்தினர்கள் வராமல் ஒதுங்கிக்கொண்டார்கள். கோரத்துக்கு 46 பேர் வேண்டும், இருந்தவர் 44. மறுநாள் காலையில் ஒரு ஜனக்கூட்டம் அவர்கள் தங்கியிருந்த ஜாகைக்குள் புகுந்து, இரண்டு பேரைப் பிடித்து, உடுப்புக் கிழியக் கிழியத் தெரு வழியாக இழுத்து வந்து சபையில் உட்கார வைத்துவிட்டது. அவ்விருவருள் ஒருவரான மக்கால்மண்ட் எழுந்து, தம்மைப் பலாத்காரமாகக் கொண்டுவந்ததாக முறையிட்டார். சபைக்கு வராமல் இருப்பதற்கு ஐந்து ஷில்லிங்தானே அபராதம் என்று சட்டைப் பையிலிருந்து சில்லறையை எடுத்து நீட்டி, இதை வைத்துக்கொண்டு என்னை விடுங்கள் என்றார். பார்வையாளர் வரிசையில் சிரிப்பு எழுந்தது, அவரை விடவில்லை, 46 பேர் ஆகிவிட்டபடியால் தீர்மானம் நிறைவேறியது. சுதந்திர அரசுக்குச் சம்மதம் கேட்கும் காரியம், ஒரு மனிதனை அவன் சம்மதமின்றி நாற்காலியில் அழுத்தி வைத்து நடந்தேறியதென்றால், உரிமைகள் எழுத்தில் வேண்டுமென்று கிராமத்துக் குடியானவன் கேட்டதில் வியப்பென்ன?

டிசம்பர் 7-ஆம் தேதி டெலாவேர் முதலாவதாக ஏற்றது. அடுத்து நாலைந்து ராஜ்யங்கள் வந்தன. முட்டுக்கட்டை மாஸசூஸெட்ஸில். அங்கே எதிர்ப்பாளர் தொகை அதிகம். சபைத் தலைவராகத் தேர்ந்தெடுத்த கவர்னர் ஜான் ஹான்காக் கீல்வாத உபத்திரவம் என்று சொல்லிப் பல நாள் வீட்டிலேயே படுத்திருந்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்த்துக்கொண்டிருந்தார் என்று விரோதிகள் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. கடைசியில், காலில் கட்டுகளோடு அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாசனத்தை இப்போது ஏற்றுக்கொள்வோம், கூடவே இன்னின்ன திருத்தங்கள் வேண்டுமென்று சிபாரிசும் செய்வோம் என்ற சமரசத்தை அவர் வாசித்தார். திருத்தங்கள் ஒன்பது. 1788-ஆம் வருஷம் பிப்ரவரி 6-ஆம் தேதி 187-க்கு 168 என்ற வாக்குக் கணக்கில் சாசனம் தப்பிப் பிழைத்தது. பத்துப் பேர் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போயிருந்தால் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கதை வேறாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு ஏற்ற ராஜ்யங்களில் மேரிலாந்து ஒன்று நீங்கலாக, எல்லாமே திருத்தச் சிபாரிசுகளோடுதான் ஏற்றன. எல்லாவற்றையும் கூட்டினால், ஒரே கோரிக்கை பலமுறை வருவதையும் சேர்த்து, 200-க்கு மேல். வட கரோலினாவோ, உரிமைகளை எழுதும் வரையில் ஏற்கவே மாட்டேன் என்று அந்த ஆகஸ்டு மாதம் முடிவு செய்துவிட்டது.

இனி, அந்த உரிமைகளைக் கடைசியில் எழுதிக் கொடுத்த ஜேம்ஸ் மாடிஸனிடம் வருவோம். ஐந்தடி நாலங்குல உயரம், பலமற்ற குரல், எப்போதும் நோயாளி போன்ற தோற்றம். ஆனால் சாசனத்தைப் பற்றி அவரைக் காட்டிலும் ஆழ்ந்து சிந்தித்தவர் அந்தத் தலைமுறையில் இல்லை. உரிமைப் பிரகடனத்தில் அவருக்கு நம்பிக்கை குறைவாக இருந்ததற்குக் காரணம் அலட்சியமன்று, அநுபவம். வாலிப வயதில், பக்கத்து ஜில்லாவில் பாப்டிஸ்டுப் பிரசங்கிகள் சிலரை மதப் பிரசாரம் செய்த குற்றத்துக்காகச் சிறையில் அடைத்திருப்பதை அறிந்து கொதித்தவர் அவர். பின்னர், மனச்சாட்சிக்குச் சுதந்திரம் உண்டென்று மேஸனின் பிரகடனம் முழங்கிக்கொண்டிருந்தபோதே, கிறிஸ்தவ உபதேசிகளின் சம்பளத்துக்காகப் பொதுவரி விதிக்கும் மசோதாவை வர்ஜீனியாத் தலைவர் பாட்ரிக் ஹென்றி ஆதரித்ததையும், அதைத் தோற்கடிக்கத் தாம் எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதையும் அவர் மறக்கவில்லை. குடியரசில் ஆபத்து சர்க்காரிடமிருந்து வருவதைவிடப் பெரும்பான்மை ஜனங்களிடமிருந்தே அதிகம் வருகிறது; பெரும்பான்மை கிளம்பிவிட்டால் தோலில் எழுதிய வேலி அதைத் தடுக்காது என்று 1788 அக்டோபரில், பாரிஸில் ஸ்தானீகராக இருந்த தாமஸ் ஜெபர்ஸனுக்கு எழுதினார். எந்த அரசுக்கு எதிராகவும் உரிமைப் பிரகடனம் பெறுவது ஜனங்களின் பாத்தியதை என்று அதற்கு முந்தின வருஷமே எழுதியிருந்த ஜெபர்ஸன், இப்போது ஒரு புதிய நியாயத்தைக் காட்டினார்: எழுத்தில் இருந்தால் அது நீதிபதிகளின் கையில் ஓர் ஆயுதம் ஆகும் அல்லவா? இந்த ஒரு வாக்கியத்தில் பிற்கால அமெரிக்காவின் சரித்திரம் பாதி அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இதற்கிடையே ஊரில் மாடிஸனுக்கு வேறொரு விதமான உபதேசம் நடந்துகொண்டிருந்தது. 1788 ஜூனில் ரிச்மண்டு நகரில் கூடிய வர்ஜீனியா சபையில், பாட்ரிக் ஹென்றியின் இடிமுழக்கப் பேச்சுக்களைத் தம்முடைய மெல்லிய குரலால் எதிர்த்து நின்று, 89-க்கு 79 என்று சாசனத்தை நிறைவேற்றியவர் மாடிஸன். ஹென்றி அதை மன்னிக்கவில்லை. ராஜ்யச் சட்டசபை அவர் கைக்குள் இருந்தது. செனட் சபைக்கு மாடிஸனை வரவொட்டாமல் செய்தார். பிரதிநிதிகள் சபைக்கான தொகுதியைப் பிரிக்கும்போதும், மாடிஸனுடைய ஆரஞ்சு ஜில்லாவைச் சாசன விரோதிகள் மிகுந்த ஜில்லாக்களோடு இணைத்துவிட்டார்கள். எதிர் அபேட்சகராக நின்றவர் ஜேம்ஸ் மன்றோ, மாடிஸனுக்கு நண்பர். திருத்தங்கள் வேண்டுமென்ற கட்சியைச் சேர்ந்தவர். மாடிஸன் உரிமைகளுக்கு விரோதி என்ற வதந்தி தொகுதியெங்கும் பரவியது. பாப்டிஸ்டுகளின் வாக்கு இல்லாமல் ஜெயிக்க முடியாத நிலையில், 1789 ஜனவரி 2-ஆம் தேதி, ஜார்ஜ் ஈவ் என்ற பாப்டிஸ்டு போதகருக்கு மாடிஸன் ஒரு கடிதம் எழுதினார். சாசனம் நிறைவேறும் முன் திருத்தங்களைக் கேட்பது ஆபத்தென்று நினைத்தேன். இப்போது அந்த ஆபத்து நீங்கிவிட்டது. முதல் காங்கிரஸிலேயே மதச் சுதந்திரம், ஜூரி விசாரணை முதலிய முக்கியமான உரிமைகளுக்கு வகை செய்ய வேண்டுமென்பதே என் கருத்து என்பது அதன் சாரம்.

அந்தக் குளிர்காலத்தில் மாடிஸனும் மன்றோவும் சேர்ந்தே பிரயாணம் செய்து, ஒரே மேடையில் எதிரெதிராகப் பேசினார்கள். ஒருநாள், ஜெர்மானியக் குடியேறிகளின் லூத்தரன் ஆலயம் ஒன்றில், இரண்டு பிடில்களின் சங்கீதத்தோடு ஆராதனை முடிந்ததும், இருவரும் ஜனங்களைப் பனியில் நிறுத்தி வைத்து அரசியல் சாசனத்தைப் பற்றி வாதாடினார்கள். ஏதோ ஒரு சண்டையை வேடிக்கை பார்க்கத் தங்களை அழைத்திருக்கிறார்கள் என்ற பாவனையில் அந்த ஜனங்கள் மிகுந்த பொறுமையோடு நின்று கேட்டார்களாம். அதன்பின் பன்னிரண்டு மைல் தூரம் இரவிலே குதிரையில் வந்த மாடிஸனுக்கு மூக்கு பனியில் வெந்துபோயிற்று. கிழ வயதிலும் அந்த வடுவைத் தொட்டுக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுவார். பிப்ரவரி 2-ஆம் தேதி நடந்த தேர்தலில் மாடிஸனுக்கு 1,308 வாக்குகளும், மன்றோவுக்கு 972 வாக்குகளும் கிடைத்தன. 337 பேர் கூடுதலாக மன்றோவுக்குப் போட்டிருந்தால், உரிமைச் சாசனத்துக்குத் தகப்பனார் வேறு யாராவது இருந்திருப்பார். அல்லது ஒருவருமே இருந்திருக்கமாட்டார்.

நியூயார்க்கில் கூடிய முதல் காங்கிரஸுக்குத் திருத்தங்களில் சிறிதும் அக்கறை இல்லை. வாஷிங்டனுடைய ஆதரவாளர்கள் அங்கே பெரும்பான்மையினர், கஜானா காலி, சுங்க வரிச் சட்டம் வேண்டும், நியாயஸ்தலங்கள் வேண்டும், இலாகாக்கள் வேண்டும். ஜூன் 8-ஆம் தேதி மாடிஸன் திருத்தங்களைப் பிரேரேபித்தபோது, இதற்கு இப்போது என்ன அவசரம் என்று நாலா பக்கத்திலிருந்தும் முணுமுணுத்தார்கள். கப்பல் இன்னும் துறையை விட்டே கிளம்பவில்லை, ஓட்டிப் பார்க்காமல் பழுது பார்ப்பது எப்படி என்று ஜார்ஜியாவின் ஜாக்ஸன் கேட்டார். இந்த விஷயத்தைச் சபை ஒத்திப்போட்டுக்கொண்டே போயிற்று. மாடிஸனும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். ராஜ்யங்களின் இருநூறு சிபாரிசுகளையும் அவர் சலித்து எடுத்திருந்த விதந்தான் இதில் சூட்சுமம். மத்திய சர்க்காரின் வரி அதிகாரத்தையும் சேனை அதிகாரத்தையும் குறைக்கும் சிபாரிசுகளை அறவே தள்ளிவிட்டார். தனி மனிதனின் உரிமைகளை மட்டும் எடுத்துக்கொண்டார். சாசனத்தின் கட்டுக்கோப்பு அசையாமல், சாசன விரோதிகளுக்குப் பின்னால் நிற்கும் சாமானிய ஜனங்கள் மட்டும் இந்தப் பக்கம் வந்துவிட வேண்டுமென்பது அவருடைய யோசனை.

ஹாமில்டனும் வில்ஸனும் சொன்ன ஆட்சேபணைக்கும் மாடிஸன் அன்று விடை வைத்திருந்தார். சில உரிமைகளைக் குறிப்பிட்டதனால், குறிப்பிடாத மற்ற உரிமைகளை ஜனங்கள் இழந்துவிட்டதாக வியாக்கியானம் செய்யக் கூடாது என்று ஒரு விதி செய்தார். அதுவே இன்றைய ஒன்பதாம் திருத்தம். மற்றவற்றுள் பெரும்பாலானவை பழைய காயங்களின் தழும்புகள். யாருடைய வீட்டையும் எதைத் தேடியும் சோதனை போடலாம் என்று பெயர் குறிப்பிடாத வாரண்டுகளை ஆங்கில அரசாங்கத்துச் சுங்க அதிகாரிகள் வைத்திருந்ததும், 1761-இல் பாஸ்டன் நகரத்து நியாயஸ்தலத்தில் ஜேம்ஸ் ஓடிஸ் அவற்றுக்கு எதிராக மணிக்கணக்கில் வாதாடித் தோற்றதும் நான்காம் திருத்தத்தின் பூர்வ கதை. சட்டத்தின் முறையான வழியில் அல்லாது ஒருவனுடைய உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ பறிக்கலாகாது என்ற ஐந்தாம் திருத்தத்தின் வாசகம், நம்முடைய அரசியல் நிர்ணய சபைக்கும் தலைவேதனை கொடுத்தது. சபையின் ஆலோசகர் பி. என். ராவ் 1947-இல் அமெரிக்கா சென்று நீதிபதி பிராங்க்பர்ட்டரிடம் கலந்து பேசித் திரும்பிய பிறகு அந்த வாசகம் நம் சாசனத்தில் இடம் பெறவில்லை. தடுப்புக் காவலை எதிர்த்து, சென்னைச் சிறையிலிருந்த ஏ. கே. கோபாலன் தொடுத்த வழக்கை 1950-இல் சுப்ரீம் கோர்ட்டு நிராகரித்தபோதுதான் அந்த விடுதலின் கனம் பலருக்குப் புலப்பட்டது.

ஆகஸ்டு மாதம் நடந்த விவாதங்களில் ஒரு காட்சியை மட்டும் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். ஜனங்கள் அமைதியாகக் கூடும் உரிமை என்ற வாசகம் 15-ஆம் தேதி சபைக்கு வந்தது. மாஸசூஸெட்ஸின் தியோடர் செட்ஜ்விக், பேச்சுரிமை இருந்தால் கூடும் உரிமை தானாகவே அதில் அடங்காதா, இப்படி அற்ப விஷயங்களையெல்லாம் எழுதப் புகுந்தால், மனிதன் இஷ்டப்பட்டால் தொப்பி போட்டுக்கொள்ளலாம், இஷ்டப்பட்ட நேரத்தில் படுத்து இஷ்டப்பட்ட நேரத்தில் எழுந்திருக்கலாம் என்றுகூட எழுத வேண்டி வருமே என்று பரிகாசம் செய்தார். வர்ஜீனியாவின் ஜான் பேஜ் எழுந்து, தொப்பியைப் பற்றிப் பரிகசிக்க வேண்டாம், அதிகாரத்தின் முன்பு தொப்பியைக் கழற்றும்படி நிர்ப்பந்தித்த காலமும் உண்டு, ஜனங்களைக் கூட விடாமல் தடுத்த காலமும் உண்டு என்றார். அவர் யாரை நினைத்துச் சொல்லுகிறார் என்பது சபையில் இருந்தவர்களுக்கு விளங்கியிருக்கும். 1670-ஆம் வருஷம் லண்டனில், தங்கள் ஆலயத்தைப் பூட்டிவிட்டபடியால் தெருவிலே நின்று பிரசங்கம் செய்த வில்லியம் பென் என்ற க்வேக்கர் வாலிபரைச் சட்ட விரோதமாகக் கூட்டம் கூட்டியதாகக் குற்றம் சாட்டி விசாரணைக்குக் கொண்டுவந்தார்கள். தொப்பியில்லாமல் உள்ளே நுழைந்த அவர் தலையில், நியாயஸ்தலத்துச் சேவகர்களைக் கொண்டே தொப்பியை வைக்கச் செய்து, பின்பு நீதிபதிகளுக்கு மரியாதையாக அதைக் கழற்றவில்லை என்று அபராதமும் போட்டார்கள். ஜூரிகள் அவரைக் குற்றவாளி என்று சொல்ல மறுத்தார்கள், அவர்களைச் சோறு தண்ணீர் இல்லாமல் பூட்டி வைத்தும் பார்த்தாயிற்று, அவர்கள் மசியவில்லை. அந்த வாலிபர்தான் பின்னாளில் பென்ஸில்வேனியாவை ஸ்தாபித்தவர். கூடும் உரிமை சாசனத்தில் நின்றது.

திருத்தங்களைச் சாசனத்தின் உடலுக்குள்ளேயே அந்தந்த இடத்தில் நுழைக்க வேண்டுமென்பது மாடிஸனுடைய விருப்பம். பெரியோர்கள் கையொப்பமிட்ட மூலத்தை நாம் கலைக்கலாகாது, எல்லாவற்றையும் கடைசியில் சேர்ப்போம் என்று பிடிவாதம் பிடித்து ஜெயித்தவர், ராஜ்யங்களின் பிரகடனங்களே போதாதா என்று பிலடெல்பியாவில் கேட்ட அதே ரோஜர் ஷெர்மன். உள்ளே கரைந்து போயிருந்தால் வக்கீல்கள் மட்டும் படித்திருக்கக்கூடிய வாசகங்கள், பின்னால் தனியே நின்றபடியால் பள்ளிப் பிள்ளைகளும் பாராயணம் செய்யும்படி ஆயின. ஷெர்மன் அதை உத்தேசித்துச் செய்யவில்லை. பிரதிநிதிகள் சபையில் பதினேழு திருத்தங்கள் நிறைவேறின. அவற்றைக் கேள்விப்பட்ட மேஸன், இன்னும் இரண்டு மூன்று விஷயங்களும் சேருமானால் இந்தப் புதிய அரசுக்கு மனமுவந்து கைகொடுப்பேன் என்று ஒரு நண்பருக்கு எழுதினார்.

செனட் சபை அக்காலத்தில் மூடிய கதவுகளுக்குள் கூடியது. ஆகையால் அங்கே யார் என்ன பேசினார்கள் என்பதற்குப் பத்திரிகைச் செய்தி கிடையாது. பதினேழு பன்னிரண்டாகக் குறைந்து வெளியே வந்தது. சிலவற்றை ஒன்றோடொன்று இணைத்திருந்தார்கள். வேறு சிலவற்றை அடியோடு வெட்டிவிட்டிருந்தார்கள். மனச்சாட்சியின் உரிமை, பத்திரிகைச் சுதந்திரம், குற்ற வழக்கில் ஜூரி விசாரணை ஆகியவற்றை எந்த ராஜ்யமும் மீறலாகாது என்ற விதி அப்படி வெட்டியவற்றுள் ஒன்று. தம்முடைய பட்டியலில் எல்லாவற்றையும்விட மேலானதென்று மாடிஸன் கருதிய விதி. ராஜ்யச் சட்டசபைகள் தேர்ந்தெடுத்து அனுப்பிய செனட்டர்கள், அந்தச் சட்டசபைகளின் கையைக் கட்டும் விதியை வெட்டியதில் ஆச்சரியமில்லை. அந்த வெட்டின் விளைவை 1833-இல் பால்டிமோர் நகரத்து ஜான் பாரன் என்ற துறைமேடைச் சொந்தக்காரர் அநுபவித்தார். நகர சபை வீதிகள் போடுவதற்காக ஓடைகளைத் திருப்பிவிட, அவை கொண்டுவந்த மணல் அவருடைய துறையில் படிந்து, கப்பல்கள் அண்ட முடியாமல் போயிற்று. தக்க ஈடு கொடுக்காமல் சொத்தைப் பறிக்கக் கூடாது என்ற ஐந்தாம் திருத்தத்தைக் காட்டி அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். இந்தத் திருத்தங்கள் மத்திய சர்க்காரை மட்டுமே கட்டுப்படுத்தும், ராஜ்யங்களையோ அவற்றின் நகர சபைகளையோ கட்டுப்படுத்தமாட்டா என்று தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பளித்தார். உள்நாட்டு யுத்தம் ஒன்று நடந்து, 1868-இல் பதினான்காம் திருத்தம் வந்து, அதன் பின்னும் பல பத்து வருஷங்கள் சென்ற பிறகே மாடிஸன் இழந்ததை நியாயஸ்தலங்கள் சிறிது சிறிதாக மீட்டுக் கொடுத்தன.

ராஜ்யங்களுக்கு அனுப்பிய பன்னிரண்டில் முதலாவது, எத்தனை ஜனங்களுக்கு ஒரு பிரதிநிதி என்ற கணக்கு. இரண்டாவது, காங்கிரஸ் அங்கத்தினர் தங்கள் சம்பளத்தை உயர்த்திக்கொண்டால் அடுத்த தேர்தல் முடிந்த பிறகே அது அமலுக்கு வரவேண்டும் என்பது. இவை இரண்டும் அப்போது போதிய ஆதரவு பெறாமல் போனதால்தான், மூன்றாவதாக இருந்த மதம், பேச்சு, பத்திரிகை ஆகியவற்றின் சுதந்திரம் முதல் திருத்தம் ஆயிற்று. எல்லாவற்றிலும் முதன்மையானதென்று கருதியே ஸ்தாபகர்கள் அதற்கு முதலிடம் கொடுத்தார்கள் என்று மேடைகளில் பேசுகிறவர்களுக்கு இந்தச் செய்தி ருசிக்காது. சம்பளத் திருத்தத்துக்கோ கால எல்லை எதுவும் விதித்திருக்கவில்லை. டெக்ஸாஸில் ஒரு கல்லூரி மாணவர் 1982-இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதிச் சாமானியமான மதிப்பெண்ணே வாங்கி, அந்த ரோஷத்தில் ராஜ்யம் ராஜ்யமாகக் கடிதம் எழுதிக் கிளறிவிட, 1992-இல் அது இருபத்தேழாம் திருத்தமாக நிறைவேறியது.

வர்ஜீனியாவில் நடந்ததுதான் இந்தக் கதையின் விசித்திரமான பகுதி. உரிமைகள், உரிமைகள் என்று நாட்டையே அதிரச் செய்த ஹென்றியின் கோஷ்டியினர், உரிமைகள் கைக்கு வந்ததும் முகத்தைச் சுளித்தார்கள். வரி அதிகாரத்தைத் தொடாத திருத்தங்கள் அவர்களுக்கு எதற்கு? இவற்றை ஏற்றுக்கொண்டால் ஜனங்கள் திருப்தியடைந்துவிடுவார்கள், பிறகு உண்மையான திருத்தங்களை யார் கேட்பார்கள் என்ற கவலை வேறு. ராஜ்யத்தின் மேல்சபைப் பெரும்பான்மையினர், மதத்தைப் பற்றிய திருத்தம் போதிய வலுவுள்ளதாக இல்லை என்பது முதலிய காரணங்களைக் கூறி, அவற்றுள் சிலவற்றை 1789-இல் தள்ளிவிட்டார்கள். மற்ற ராஜ்யங்கள் ஒவ்வொன்றாக ஏற்று வந்தன. வட கரோலினா சொன்னபடி சாசனத்தை ஏற்று உள்ளே வந்தது. ரோடு தீவும் 1790-இல் 34-க்கு 32 என்ற கணக்கில் வேண்டா வெறுப்பாக வந்து சேர்ந்தது. வெர்மாண்டு புதிதாகச் சேர்ந்ததால் ராஜ்யங்கள் பதினான்காகி, பதினொன்றின் சம்மதம் தேவைப்பட்டது. இரண்டு வருஷ வீம்புக்குப் பிறகு, 1791-ஆம் வருஷம் டிசம்பர் 15-ஆம் தேதி வர்ஜீனியா பதினொன்றாவதாகச் சம்மதம் கொடுக்க, பத்துத் திருத்தங்களும் சட்டமாயின.

மணியடிக்கவில்லை, விருந்து நடக்கவில்லை. அப்போது ராஜாங்க காரியதரிசியாக இருந்த ஜெபர்ஸன், 1792 மார்ச்சு 1-ஆம் தேதி, கவர்னர்களுக்கு அனுப்பிய சுற்றுக் கடிதத்தில், மீன்பிடித் தொழிலைப் பற்றிய சட்டத்தின் இரண்டு பிரதிகளை இத்துடன் அனுப்புகிறேன், தபால் நிலையங்களைப் பற்றிய சட்டத்தின் பிரதிகளையும் அனுப்புகிறேன் என்று எழுதிவிட்டு, மூன்றாவதாக, சாசனத் திருத்தங்களைத் தேவையான ராஜ்யங்கள் ஏற்றுக்கொண்டன என்ற செய்தியையும் சேர்த்துக்கொண்டார். மாஸசூஸெட்ஸ், ஜார்ஜியா, கனெக்டிகட் ஆகிய மூன்றும் அந்தச் சமயத்தில் தங்கள் சம்மதத்தை முறைப்படி அனுப்பவில்லை. திருத்தங்களைக் காங்கிரஸ் ராஜ்யங்களுக்கு அனுப்பியதன் 150-ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாடிய 1939-இல்தான் அவை மூன்றும் அந்தப் பாக்கியைத் தீர்த்தன.

(தொடரும்)